படகில் சொல்லக்கூடாத பெயர்

சின்ன வாத்துத் தீவில் சென் ஃபானை மிஞ்சிய எஞ்சின் மெக்கானிக் கிடையாது. அவனை மிஞ்சிய மோசமான பெயர்க்காரனும் கிடையாது.

சென் என்பது குடும்பப் பெயர். சீனாவின் செஜியாங் கரையில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு சென் தலையில்தான் விழும், அத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் தீவுப் பேச்சில் அதே சத்தத்தில் ‘மூழ்கு’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஃபான் என்றால் பாய்மரத்தில் கட்டும் பாய். அதே சத்தத்தில் ‘கவிழ்’, ‘திருப்பிப் போடு’ என்று அர்த்தம் வரும் ஒரு சொல்லும் இருந்து தொலைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டால், புறப்படுகிற படகைப் பார்த்து “மூழ்கு, கவிழ்!” என்று வாழ்த்தி அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். நாங்களோ மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள். பாயையே பாய் என்று சொல்லமாட்டோம், ‘கூரைத்துணி’ என்போம். இந்த லட்சணத்தில் ஒரு மனிதனை வாய் நிறைய எப்படி அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

குற்றம் அவனுடையதில்லை, அவன் அப்பாவுடையது. சென் போசிங் வாத்தியார் மலைக்காரர். மூங்கில் காட்டுக்கு நடுவே பிறந்து, இருபத்தெட்டு வயதுவரை தண்ணீரைக் குடத்திலும் ஓடையிலும் மட்டுமே பார்த்தவர். அரசாங்கம் அவரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது. நிறைமாத மனைவியோடு வந்து இறங்கிய பதினோராம் நாள் காலையில் பிள்ளை பிறந்தது. வாத்தியார் ஜன்னலைத் திறந்தார். கடலில் ஒரே ஒரு பாய், வெயில் பட்டு வெள்ளைவெளேரென்று போய்க்கொண்டிருந்தது. மனிதர் உருகிப்போனார். அங்கேயே பெயர் வைத்துவிட்டார்.

பதிவு எழுதும் குமாஸ்தா அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“வாத்தியாரே, வேற பேரு ஏதாச்சும் யோசிச்சு வச்சிருக்கீங்களா?”

“ஏன், இது அழகா இல்லையா?”

“அழகுக்கு என்ன குறைச்சல்? எழுதிப் பாக்க அழகாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன, எழுதுங்க.”

குமாஸ்தாவின் தம்பிகள் இருவர் அன்றைக்குக் கடலில் இருந்தார்கள். என்ன தப்பு என்று விளக்க வேண்டுமானால் அந்த இரண்டு சொற்களையும் வாயால் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாத்தியாரிடம் எடுத்துச் சொல்லலாம் என்று போனவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் தீவுப் பேச்சு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை, ஆகவே தானாகவும் தெரிந்துகொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் தினமும் காலை அவரே பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு கணீரென்று கூப்பிடுவார்: “சென் ஃபான்!” மகன் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பான். அதற்குள் முப்பது மீனவப் பிள்ளைகளும் தோஷம் கழிய மேசையை மூன்று தரம் தட்டி, “மேலே, மேலே, மேலே” என்று முணுமுணுத்திருப்பார்கள். பிள்ளைகள் தன் மகனுக்குக் காட்டும் மரியாதை என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். சென் ஃபானுக்கு விஷயம் தெரிந்தது ஏழாவது வயதில். பக்கத்து இருக்கைப் பையன் வாயைத் திறக்காமல், உள்ளங்கையைப் படகு மாதிரி மிதக்கவிட்டு, சட்டென்று குப்புறத் திருப்பிக் காட்டினான். அவ்வளவுதான் பாடம்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடத்தான் நினைத்தான். அன்று அவனுக்குப் பிறந்தநாள். அப்பா வருஷா வருஷம் சொல்கிற ஜன்னல் கதையை ஆரம்பித்தார். வெள்ளைப் பாய், வெயில், பதினோராம் நாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் சொல்லலாம் என்று விட்டான். அப்படியே முப்பத்திரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஊர் அவனுக்கு ‘மிதவை’ என்று பெயர் வைத்தது. முழுகுவதற்கு மாற்று மருந்து மிதப்பதுதானே. குழந்தைகளுக்கு மிதவை மாமா, படகுக்காரர்களுக்கு மிதவை. எவ்வளவு முரண்டு பிடிக்கிற எஞ்சினாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். ஆனால் கட்டிப்போட்ட படகில்தான் கை வைக்கலாம். கயிற்றை அவிழ்க்கிறபோது அவன் கரையில் நிற்க வேண்டும். அம்மா இறந்த பிறகு, அவனைச் சொந்தப் பெயரால் கூப்பிட உலகத்தில் அப்பா ஒருவர்தான் மிச்சம்.

இதில் உள்ளூரில் அனுபவமில்லாத பார்சல்காரன் ஒருவன் புகுந்து கெடுத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், படகெல்லாம் புறப்படுகிற நேரத்தில், துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சென் ஃபான்! யாருங்க சென் ஃபான்? சென் ஃபான் இருக்காரா?” என்று தொண்டை கிழியக் கத்தினான். அன்றைக்கு ஒன்பது படகுகள் கடலுக்குப் போகவில்லை. அதில் முதல் படகு யூ ஹாய்கெனுடையது.

படகை ஓட்டும் தலைவரை நாங்கள் லாவ்தா என்போம். யூ லாவ்தா மாதிரி சம்பிரதாயம் பார்க்கிற லாவ்தா இந்தப் பக்கத்தில் இல்லை. தட்டில் இருக்கும் மீனை நாங்கள் யாருமே திருப்பிப் போடமாட்டோம், கிண்ணத்தைக் குப்புற வைக்கமாட்டோம். அது சாதாரணம். யூ லாவ்தா ஒருபடி மேலே. செய்தித்தாளில் முதல் பக்கம் மட்டும்தான் படிப்பார், ஏனென்றால் புரட்ட வேண்டுமே. முட்டையை ஒரு பக்கம் மட்டும் பொரித்துச் சாப்பிடுவார். படுத்தால் புரண்டு படுக்கமாட்டார், விடிய விடிய ஒரே பக்கம்தான். இடது காது மடல் அமுங்கிப்போய்ப் பாதிதான் இருக்கும்.

அந்த மனிதரின் ஒரே மகள் சூஜென்மீதுதான் மிதவைக்கு ஆசை வந்து சேர்ந்தது. போயும் போயும்!

சூஜெனுக்கு முப்பத்தாறு வயது. நிங்போ நகரத்து ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு, இரண்டே வருஷத்தில் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து, துறைமுகத்தில் நண்டு நூடுல்ஸ் கடை வைத்தவள். ஆறு வருஷமாக மிதவை அங்கேதான் மதியச் சாப்பாடு. மற்றவர்களுக்கு அரை நண்டு விழுந்தால் அவன் கிண்ணத்தில் முழு நண்டு விழும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதுவும் அவளே சொன்ன பிறகு.

“யோவ் மிதவை, ஆறு வருஷமா நண்டத் தின்னுட்டுத் தின்னுட்டுப் போறியே, ஒரு வார்த்த பேசுறதுக்கு என்ன கேடு?”

“என்ன பேசணும்?”

“எங்கப்பாகிட்ட வந்து பொண்ணு கேளு. நான் கேக்க முடியாது, நான்தான் பொண்ணு.”

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஜாடி மஞ்சள் ஒயினும் ஒரு பெட்டி சிகரெட்டும் எடுத்துக்கொண்டு அவன் யூ லாவ்தா வீட்டுக்குப் போனான். மே மாதம் பிறந்தால் மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஊர்க் கல்யாணமெல்லாம் அப்போதுதான். சம்மதம் வாங்கினால் இந்த மேயில் கல்யாணம், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் முழு நண்டு மட்டும்.

லாவ்தா தெரியாதவர் போலக் கேட்டார். “குடும்பப் பேரு?”

“காது-கிழக்கு, லாவ்தா.”

அந்த எழுத்தை எழுதும்போது இடது பக்கம் காதும் வலது பக்கம் கிழக்கும் வரும். எங்கள் ஊர் சென்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். லாவ்தாவின் முகம் கொஞ்சம் இளகியது. சாப்பாட்டில் மஞ்சள் மீன் வந்தது. மேல் பக்கம் தீர்ந்ததும் மிதவை மீனைத் தொடாமல், முள்ளை மட்டும் தலையோடு சேர்த்து அலுங்காமல் எடுத்து ஓரமாக வைத்தான். லாவ்தா அவனுக்கு இன்னொரு கிண்ணம் ஒயின் ஊற்றினார்.

“பையன் நல்ல பையன்தான்,” என்றார் மகளிடம். “பேருதான் வெளங்காது. சரி, ஒண்ணு செய்வோம். எனக்கோ ஆம்பளப் புள்ள இல்ல. தம்பி, நீ எங்க வீட்டு மாப்பிள்ளையா வந்துடு. எங்க குடும்பப் பேர வச்சுக்கோ. ‘யூ’ன்னா மீன் மாதிரி காதுல விழும், ராசியான பேரு. அந்த மூழ... அந்த மொதப் பாதி ஒழிஞ்சிடும்.”

மிதவை வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான். அப்போதுதான் சூஜென் சிரிக்க ஆரம்பித்தாள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“எதுக்குடி இளிக்கிற?”

“அப்பா, சேத்துச் சொல்லிப் பாருங்க. யூ... ஃபான்.”

லாவ்தா உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். மீன், திருப்பிப் போடு. கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நழுவின. முன்னதைவிட இது இன்னும் மோசம். கடலில் போகிற படகை எல்லாம் தட்டில் திருப்பிப் போட்ட மீனாக்கிவிடும்.

“அப்போ ரெண்டாவது பேர மாத்து!”

“அது முடியாது, லாவ்தா.”

“ஏன் முடியாது?”

“எங்கப்பா கேப்பாரு, ஏன் மாத்துனன்னு. நான் காரணம் சொல்லணும். சொன்னா, அந்த ஜன்னலும் பாயும்... வேணாம் லாவ்தா. அவருக்குன்னு இந்தத் தீவுல இருக்கிற சந்தோஷம் அது ஒண்ணுதான்.”

யூ லாவ்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து நின்றார். “கேட்டுக்கோ. உன் பேரு என்னைக்கு என் வாயிலேருந்து வருதோ, அன்னைக்குக் கல்யாணத்த வச்சுக்கோ. அதுவரைக்கும் என் வீட்டு வாசப்படி ஏறாத!”

மிதவை தொங்கிய முகத்தோடு செருப்பைத் தேடினான். சூஜென் மட்டும் அமைதியாக மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே, “என்ன சொன்னீங்க அப்பா? இன்னொரு தரம் சொல்லுங்க, மறந்துடாம இருக்கட்டும்,” என்றாள். கோபத்தில் அவரும் இன்னொரு தரம் சொன்னார்.

வாசலில் நின்றபடி மிதவை பின்வாங்காமல் ஒரு காரியம் செய்தான். தன் கல்யாணம் கெட்டுப்போன நேரத்திலும் அவனுக்கு எஞ்சின் ஞாபகம். “லாவ்தா, உங்க டீசல் வடிகட்டில அடியில கண்ணாடிக் கிண்ணம் இருக்குல்ல, அதுல தண்ணி நிக்குது. கழட்டிக் குப்புறக் கொட்டணும்.”

“என் படகுல எவனும் எதையும் குப்புறக் கொட்டமாட்டான். போடா!”

ஏப்ரல் மூடுபனிக் காலம். எங்கள் பக்கத்துப் பனி வந்தால் மூக்கு நுனி தெரியாது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மிதவை கடையில் உட்கார்ந்து சூடான நூடுல்ஸை ஊதிக்கொண்டிருந்தான். சம்மதம் கிடைக்கவில்லை என்பதற்காக நண்டைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அலமாரியில் வினிகர் பாட்டில் பக்கத்தில் ஒயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் யூ லாவ்தாவின் குரல்.

“மிதவை! மிதவை! எங்க இருக்க, மிதவை?”

வேறொரு படகு பதில் சொன்னது. “என்ன லாவ்தா, மிதவை அத்துக்கிட்டுப் போயிடுச்சா? எத்தன?”

“மிதவை வேணும்யா! எஞ்சின் நின்னுபோச்சு!”

“ஆரஞ்சா வெள்ளையா? ஆரஞ்சு எங்ககிட்ட நாலு இருக்கு.”

“அதில்லய்யா, ஆளு! ஆளு!”

“ஐயோ, ஆளு விழுந்துட்டானா? மிதவையத் தூக்கிப் போடுங்க லாவ்தா, கேட்டுக்கிட்டு நிக்காதீங்க!”

மிதவை பாய்ந்து ஒயர்லெஸ்ஸைப் பிடித்து, “நான் இருக்கேன், நான் இருக்கேன்,” என்று கத்தினான். யாருக்குக் கேட்கும்? ஒரே அலைவரிசையில் பத்துப் படகுகள் மிதவையின் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. நடுவில் லாவ்தா, “காது-கிழக்கு! காது-கிழக்குகிட்டப் பேசணும்!” என்றார்.

“கிழக்கேயா? இங்க கிழக்கால எதுவும் காதுல விழலியே, லாவ்தா.”

பின்னாலிருந்து லாவ்தாவின் ஆள் ஒருவன் அலறுவது கேட்டது. “அலை பாறையில அடிக்கிற சத்தம் கேக்குது! பல்லுப்பாறைப் பக்கம் இழுத்துட்டுப் போகுது!” பல்லுப்பாறை எங்கள் ஊரில் விளையாட்டில்லை. சூஜென் கரண்டியோடு அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

ஒயர்லெஸ்ஸில் லாவ்தா மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு வெடித்தது.

“சென் ஃபான்! சென் ஃபான்! டேய், சென் ஃபான்!”

அலைவரிசையில் சப்த நாடியும் அடங்கியது.

“சென் ஃபான்! எங்கடா போன, சென் ஃபான்!”

அப்பா, அம்மாவைத் தவிர, அந்தப் பார்சல்காரனைத் தவிர, யாரும் மிதவையை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதுவும் இப்படி, அவன்தான் வேண்டும் என்று. அவன் கண் கலங்கிவிட்டது. நூடுல்ஸ் ஆவி பட்டது என்று பிறகு சாதித்தான், விடுங்கள்.

“பேசுய்யா!” என்று சூஜென் அவன் முதுகில் கரண்டியால் ஒன்று வைத்தாள்.

“உள்ளேன் ஐயா!” என்றான் பழக்கத்தில்.

“எஞ்சின் இருமிட்டு நின்னுடுச்சுடா! என்ன செய்ய?”

“தண்ணி ஏறிடுச்சு லாவ்தா. நான் சொன்ன கண்ணாடிக் கிண்ணம். கழட்டிக் குப்புற...”

“வேற வார்த்த சொல்லு!”

“தலைகீழா...”

“சென் ஃபான், வேற வார்த்த!”

மிதவை ஒரு நொடி கண்ணை மூடினான். “லாவ்தா, சுக்கான் பக்கத்துல குவான்யின் அம்மா படம் இருக்குல்ல? அந்தக் கிண்ணத்தக் கழட்டி, அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடச் சொல்லுங்க. நல்லாக் குனிஞ்சு, தல தரையில படுற மாதிரி.”

கரகரப்புக்கு நடுவே எதையோ திருகுகிற சத்தம் கேட்டது.

“கும்பிட்டுடுச்சு. தண்ணி எல்லாம் கீழ வந்துடுச்சு.”

“இப்போ மாட்டிட்டு, கைப் பம்ப்ப அழுத்துங்க, டீசல் வர்ற வரைக்கும். வந்தாச்சா? கிளப்புங்க.”

எஞ்சின் இருமியது, கனைத்தது, ஓட ஆரம்பித்தது. சூஜென் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் ஒயர்லெஸ்ஸில் இன்னொரு கூத்து கேட்கத் தொடங்கியது. பனிக்குள் எல்லாத் திசையிலிருந்தும் ஊதல் சத்தம். ‘மூழ்கு, கவிழ்’ என்று யூ லாவ்தாவே, அந்த யூ லாவ்தாவே, கதறுகிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட ஆபத்தாக இருக்கும்? அந்தக் கடலில் இருந்த இருபத்துமூன்று படகுகளும் வலையை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கிக்கொண்டு வந்துவிட்டன. காய்ந்த சட்டையோடு ஓடுகிற படகில் நின்றிருந்த லாவ்தாமேல் நான்கு பக்கமிருந்தும் உயிர்காக்கும் வளையங்கள் பறந்து வந்து விழுந்தன. ஒன்று கழுத்திலேயே மாட்டிக்கொண்டது.

“யாரு மூழ்குனது? எவன் கவுந்தான்?”

“ஒருத்தனும் இல்லய்யா! பேரு! அது ஒரு பேருய்யா!”

“பேரா? யாரு பேரு?”

“என் மாப்...” என்று லாவ்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஒயர்லெஸ் பொத்தான் அழுந்தியே இருந்தது.

கரைக்கு வந்தபோது சூஜென் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “ஆறு தடவ, அப்பா. எண்ணிட்டேன்.”

“ஆபத்துல சொன்னதெல்லாம் கணக்கு இல்ல.”

“எங்களுக்குக் கேட்டுச்சு,” என்றார் இன்னொரு லாவ்தா. “எங்களுக்கும்,” என்றார் அடுத்தவர். இருபத்துமூன்று படகுக்காரர்களும் துறைமுகத்தில் வரிசையாக நின்று தலையாட்டினார்கள். வலையை விட்டு ஓடி வந்ததற்கு ஒரு கல்யாணச் சாப்பாடாவது கிடைக்காதா என்பதும் அவர்கள் கவலை. யூ லாவ்தா கழுத்திலிருந்த வளையத்தைக் கழற்றவே மறந்துபோய், மிதவையைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

“கும்பிடுன்னு சொன்னியே, அது நல்லா இருந்துச்சு,” என்றார். அதுதான் சம்மதம்.

மே மாதம் கல்யாணம். இருபது மேசை விருந்து, ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. மறுநாள் லாவ்தா தன் புதுச் சம்பந்தியைப் படகு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கொடியெல்லாம் கட்டிக் கரையோரம் நின்றிருந்தது படகு. சூஜெனோடு மிதவையும் கூடப் போனான். கடலில் ஒரு சுற்று வரலாம் என்று கயிற்றை அவிழ்க்கும்போது வழக்கம்போலக் கரைக்குக் குதிக்கப் போனவனை லாவ்தா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, “எங்க ஓடுற? நில்லு இங்கயே,” என்றார். முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அவன் காலுக்குக் கீழே படகு நகர்ந்தது. நின்ற இடத்திலேயே நின்றான், கைப்பிடியை விடவில்லை.

உள்ளே ஒயர்லெஸ்ஸுக்கு மேலே ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. லாவ்தாவின் கோணல் கையெழுத்து: ‘ஆபத்தில் கூப்பிட’. அதற்குக் கீழே பெரிதாக இரண்டே எழுத்து.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பதிவேட்டைப் படிக்கிற அதே குரலில் கணீரென்று படித்தார்.

“சென் ஃபான்!”

ஓடுகிற படகில், நடுக்கடலைப் பார்த்த முகமாக. சுக்கான் பிடித்தவன் உறைந்துபோனான். சூஜென் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உள்ளேன் ஐயா,” என்றான் மகன்.

“எழுத்துதான் கோணலா இருக்கு, சம்பந்தி,” என்றார் வாத்தியார். “ஆனா பாருங்க, அன்னைக்கே எனக்குத் தெரியும். படகுக்குன்னே பொறந்த பேரு.”

யூ லாவ்தா சுக்கான் பலகையின் அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், விரலால் மூன்று தரம் தட்டினார்.

“ஆமா, சம்பந்தி,” என்றார். “இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வராம இருக்கிறவன் இந்தத் தீவுல ஒருத்தன் கிடையாது.”